நடுத்தட்டுப் புடவை

எங்கள் படுக்கையறை பீரோவில் ஐந்து தட்டுகள். மேல் தட்டில் கம்பளியும் விருந்தாளிகளுக்கான போர்வைகளும். அதற்குக் கீழே என் கணவரின் சட்டைகள். கடைசி இரண்டு தட்டுகளில் நானும் பெண்ணும். நடுத்தட்டில், கண்ணுக்கு நேரான உயரத்தில், ஒரே ஒரு புடவை மட்டும் இருக்கும். அதன் மேல் காய்ந்த பூச்சரம்.

அது என் கணவரின் முதல் மனைவிக்கு உரியது. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அக்கா என்றுதான் சொல்வேன். பார்த்ததில்லை. கூடத்தில் ஒரு படம் இருக்கிறது, கழுத்துக்கு மேலே மட்டும், கறுப்பு வெள்ளையில்.

சுமங்கலியாக இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறோம். தை மாதத்தில், தண்ணீர் நிரப்பிய செம்பில் அவரை வரவழைத்து, புதுப் புடவை வைத்துப் படைப்போம். புடவை முனையில் கொஞ்சம் மஞ்சள் தடவுவோம். படைத்த புடவை ஒரு வருஷம் பீரோவில் அவருக்காக இருக்கும். அடுத்தது வந்ததும் பழையதை வீட்டுப் பெண் எடுத்துக் கட்ட வேண்டும். வீட்டுப் பெண் என்றால் நான்.

இந்த வருஷம் வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம். அக்காவின் பெண். நான் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். மறுவீட்டுக்கு வரும்போது அவளும் மாப்பிள்ளையும் இந்த அறையில்தான் தங்குவார்கள். பீரோவில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும். சித்திரையில் ஒரு சனிக்கிழமை அதற்காக ஒதுக்கினேன். நடுத்தட்டையும் காலி செய்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மாப்பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. இந்த பீரோவே அக்காவின் சீரில் வந்தது. கண்ணாடியின் மூலையில் அவர் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு இன்னும் இருக்கிறது. நான் வாரந்தோறும் கண்ணாடி துடைப்பவள், அதைச் சுற்றித்தான் துடைத்திருக்கிறேன். இந்த பீரோவில் என்னுடையது என்று ஒரு தட்டு எனக்கு வேண்டும். கண்ணுக்கு நேராக, கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி.

சேத்தியாத்தோப்பில் இருக்கும் நாத்தனாரைக் கேட்காமல் அதைத் தொட முடியாது. படையலை முன்நின்று செய்பவர் அவர். போனை ஸ்பீக்கரில் போட்டு கட்டில்மேல் வைத்துவிட்டு, துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே பேசினேன்.

"அண்ணி, நடுத்தட்டுப் புடவைய ஒரு நல்ல பொட்டியில வச்சி, பரண் மேல பத்திரமா வச்சிடலாம்னு பாக்கறேன்."

"பரண்லயா? அவள தூக்கி பரண்ல போடப் போறியா? நல்லா இருக்குது போ. அவ பொறந்த வூட்டுலேர்ந்து வந்த பீரோவுல அவளுக்கே எடம் இல்லியா?"

"மாப்ள துணி வைக்க எடம் வேணும் அண்ணி."

"மாப்ள என்னா லாரியிலயா துணி ஏத்திக்கிட்டு வராரு? ரெண்டு சட்டை, ஒரு லுங்கி. உன் புடவைய கொறைம்மா. மூட்ட மூட்டயா வச்சிருக்கிறியே."

பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தாள். "அத்த சொல்றது சரிதான சித்தி? துணிக்கடை மாதிரி இருக்குது."

"நீ சும்மா இரு" என்றேன்.

"அவ என்னா தப்பா சொன்னா? கல்யாணத்துக்கு முன்னாடி படைக்கணும், புதுப் புடவ எடுத்து வச்சிடு. அரக்குல எடு" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனை வைத்தார்.

நடுத்தட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். என் கணவர் பீங்கான் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை. எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டைகளின் பை மடிப்பில் வெள்ளை மாவு உட்கார்ந்திருக்கும். பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்டி மடித்தேன். கிழிந்தது, காலர் நைந்தது ஒரு பக்கம். அந்த வேலை சீக்கிரம் முடிந்தது. பிறகு என் புடவைகள். வைத்துக்கொள்வது வலது பக்கம், கொடுத்துவிடுவது இடது பக்கம் என்று கட்டிலைப் பிரித்துக்கொண்டேன். நான் பிரித்துக் காட்ட, பெண் வாங்கி மடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

கொஞ்ச நேரத்தில் அவள் மடிப்பதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு புடவையின் முனையையும் தேடி விரலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அம்மாவோடது. இதுவும் அம்மாவோடது. சித்தி, இங்க பாருங்க, இதுலயும் மஞ்ச."

வலது பக்கம் நான் வைத்திருந்த எல்லாவற்றிலும் மஞ்சள் இருந்தது. சிலவற்றில் துவைத்துத் துவைத்துப் பழுப்பு நிழல் மாதிரி. மஞ்சள் இல்லாதவை எல்லாம் இடது பக்கம் போயிருந்தன. மூன்றாம் மனிதருக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு யோசனையும் இல்லாமல் அவற்றைத் தள்ளியிருந்தேன்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. எனக்கு எடுக்கும்போது ஏதோ ஒன்று என்று எடுப்பேன். அக்காவுக்கு எடுக்கும்போது கடையில் பகல் முழுக்க உட்காருவேன். குறை வைத்துவிடக் கூடாது என்ற பயம். அதற்கும் ஒரு கதை உண்டு. நான் வந்த பிறகு நடந்த முதல் படையலுக்கு இலைப் பச்சையில் ஒரு புடவை எடுத்தேன். எனக்குப் பச்சை பிடிக்கும். படையலில் நாத்தனார் செம்பின் முன் உட்கார்ந்து, "புடவ புடிச்சிருக்குதா?" என்று கேட்பார். செம்பின் மேல் வைத்த பூ விழுந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் பூ விழவில்லை. கற்பூரம் அணைந்து, சோறு ஆறி, எல்லோருக்கும் கால் மரத்துப்போயிற்று. நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தார். "பச்சையில எடுத்தியா? அவ அரக்குதான் கட்டுவா" என்றார். பிறகு அவரே பூவை எடுத்துக் கீழே வைத்துப் படையலை முடித்தார். அந்தப் புடவையை அடுத்த வருஷம் நான் கட்டவில்லை. கட்டத் துணியவில்லை.

அதிலிருந்து அரக்கு, கத்திரிப்பூ, காப்பிக்கொட்டை நிறம், கை அகலக் கரை. பூவும் ஒவ்வொரு வருஷமும் விழுந்தது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்துபோயிற்று. கடையில் நான் செருப்பைக் கழற்றும்போதே விற்பனையாளர் அரக்குக் கட்டைப் பிரித்துப் போட்டுவிடுவார். "உங்க டேஸ்ட் எனக்குத் தெரியும்மா" என்பார். நான் மறுத்ததில்லை.

அவற்றைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து என் கணவர் ஒருநாளாவது திடுக்கிடுவார் என்று முதல் சில வருஷம் எதிர்பார்த்தேன். பயமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. அவர் ஒன்றையும் கவனித்ததில்லை. சாப்பாடு எடுத்து வை என்பார்.

"எனக்கு ஒண்ணு குடுங்க சித்தி" என்றாள் பெண். "அம்மாவோடதுன்னு எங்கிட்ட எதுவுமே இல்ல."

உண்மைதான். அக்கா நிஜமாகக் கட்டிய புடவைகளில் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. சில அவரோடு போயின. மற்றவற்றை உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இருப்பது செத்த பிறகு நாங்கள் கொடுத்தவை மட்டும்.

நடுத்தட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது நீங்க கட்ற புடவ மாதிரி இருக்குது." பிறகு தரையில் உட்கார்ந்து, கடைசித் தட்டில் விரித்திருந்த தாளுக்கு அடியில் கையை விட்டு, அந்துருண்டை வாசனையோடு ஒன்றை இழுத்தாள். இலைப் பச்சை. மடித்த இடங்களில் நிறம் வெளுத்துக் கோடு கோடாக இருந்தது. முனையில் மஞ்சள் அப்படியே, நேற்றுத் தடவியது போல.

"அது வேணாம். அது உங்கம்மாவுக்குப் புடிக்கல" என்றேன்.

"யாரு சொன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் சுடிதாருக்கு மேலேயே சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றாள். முந்தானையை இழுத்து விட்டாள். நான் அவளுக்குப் பின்னால், கையில் பாதி மடித்த அரக்குப் புடவையோடு நின்றேன். கண்ணாடியில், அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில், கூடத்துப் படத்தில் இருக்கும் முகம். கழுத்துக்குக் கீழே நான் அதுவரை பார்க்காதது எல்லாம் பச்சையாக இருந்தது. அளவெடுத்து வாங்கிய மாதிரி இருந்தது.

"புடிச்சிருக்குது சித்தி" என்றாள்.

என் கண் தரைக்குப் போனது. பூ விழுந்திருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். அது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்போதுதான் என் கணவர் ஷிப்டு முடிந்து உள்ளே வந்தார். புருவத்தில் வெள்ளை மாவு. கையில் டிபன் கேரியர். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பெண்ணின் முதுகைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "எப்ப வந்தே?" என்றார். அந்தக் குரலை நான் இந்த வீட்டில் கேட்டதில்லை.

பெண் திரும்பினாள். "நான் எங்கப்பா போனேன்? காலையிலேர்ந்து இங்கதான் இருக்கேன்" என்று சிரித்தாள்.

அவர் கை கழுவப் போய்விட்டார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பச்சைப் புடவையை அவள் எடுத்துப்போகட்டும் என்று அவள் பெட்டியில் வைத்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் தட்டைக் காலி செய்து கொடுத்தேன். நடுத்தட்டைத் துடைத்து, புதுச் செய்தித்தாள் விரித்து, புடவையைப் பழைய இடத்தில் வைத்தேன். என் புடவைகள், அல்லது அக்காவுடையவை, அல்லது நாத்தனார் சொன்னவை, கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டிகளில் இருக்கின்றன. மஞ்சள் இல்லாதவற்றையும் கொடுக்கவில்லை.

கல்யாணப் படையலுக்குப் புடவை எடுக்கக் கடைவீதிக்குப் போக வேண்டும். இரண்டு முறை கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். விற்பனையாளர் அரக்குக் கட்டைப் பிரித்துப் போடுவார். வேண்டாம், வேறு காட்டுங்கள் என்று சொல்லத் தெரியும். என்ன நிறம் என்று அவர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.