கேழ்வரகு காய்ந்த தட்டு

போன வருடம் கோடைக்காலம். கம்பெனிகள் நிறைந்த வல்லம் வடகால் பக்கம் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மகனுக்கு அப்போதுதான் கஞ்சி கொடுக்க ஆரம்பித்திருந்தேன். செல்போனில் ஒரு வீடியோ வந்தது. கடையில் விற்கிற குழந்தை மாவில் காரீயமும் ஆர்சனிக்கும் இருக்கிறதாம். அவ்வளவுதான். வீட்டில் பாதி இருந்த டப்பாவை அப்படியே குப்பையில் கொட்டினேன். இனி என் கையால் செய்ததைத் தவிர வேறெதுவும் பிள்ளை வாயில் போகக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன். நான் ஒன்று நினைத்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை.

கேழ்வரகை ஊற வைத்துத் துணியில் கட்டி, முளை விட்டதும் மொட்டை மாடியில் காய வைத்து அரைப்பேன். துணியில் விரித்தால் மண் விழுகிறது என்று புலம்பினேன். என் கணவர் காயலான் கடையிலிருந்து விளிம்பு வைத்த அகலமான தகரத் தட்டு ஒன்றை வாங்கி வந்தார். கம்பெனிகள் கழித்துப் போடுவதை வீட்டுக்கு எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் சகஜம். எங்கள் கட்டிலே சரக்கு அடுக்கும் பேலட் கட்டையில் அடித்ததுதான். தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்மும் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வந்ததுதான். தட்டைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். அங்கங்கே ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பொட்டுகள் மட்டும் போகவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அதில் காய்ந்ததைத்தான் பிள்ளை தினமும் சாப்பிட்டான். கொழுகொழுவென்று இருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெண், தென்காசியிலிருந்து வேலைக்கு வந்தவள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் லைனில் இருந்தாள். ஒரு நாள் துணி எடுக்க மாடிக்கு வந்தவள், தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எக்கா, இதுலயா பிள்ளைக்கு காயப்போடுதீய?"

ஆமாம் என்றேன். அவள் குனிந்து கேழ்வரகை விரலால் ஒதுக்கி, அந்தப் பொட்டுகளைத் தடவிப் பார்த்தாள். சர்க்யூட் போர்டில் பற்ற வைக்கும்போது உருகிச் சொட்டும் உலோகத்தைப் பிடிக்க அடியில் வைக்கிற தட்டாம் அது. சொட்டுவதில் காரீயம் கலந்திருக்குமாம். அதைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கேன்டீனுக்குள் போகக் கூடாதாம்.

எதற்குப் பயந்து டப்பாவைக் கொட்டினேனோ, அதையே மாடியில் காய வைத்து, சலித்து, ஊட்டியும் விட்டிருக்கிறேன்.

"நல்லா தேய்ச்சு கழுவினதுதானே, ஒண்ணும் ஆவாது" என்றார் கணவர். சொல்லும்போதே அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

மறுநாள் கணவர் ஷிஃப்டுக்கு லீவு போட, ஸ்ரீபெரும்புதூரில் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். ஒரு நாளைக்கு எவ்வளவு மாவு, எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள், கண்ணுக்கு மை வைக்கிறீர்களா, அப்பா வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்குவாரா என்று அந்த டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கேள்விக்கும் என் வீட்டில் ஒவ்வொரு பொருளும் விஷமாக மாறிக்கொண்டிருந்தது. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் டாக்டர் என்று கெஞ்சினேன்.

"பார்த்தா தெரியாதும்மா. ரத்தத்துலதான் தெரியும்."

ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை நான் மனுஷியாகவே இல்லை. காரீயம் மூளையைப் பாதிக்கும் என்று படித்துவிட்டு, பிள்ளைக்குப் பின்னால் நின்று ஸ்பூனைத் தட்டுவேன். திரும்பினால் உயிர் வரும். விளையாட்டு மும்முரத்தில் திரும்பாமல் இருந்துவிட்டால் போச்சு, மறுபடி மறுபடி தட்டுவேன். கணவரிடம், "எங்கிருந்து அந்தத் தட்டைத் தூக்கினு வந்தீங்க?" என்று கத்தினேன். அவர் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது.

டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

"இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா கொஞ்சம்தான். சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டீங்க."

மருந்து தேவையில்லை, அந்த மாவை நிறுத்துங்கள், இரும்புச் சத்துள்ள சாப்பாடு கொடுங்கள், ஒரே மாவையே தினமும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்றார். சில மாதம் கழித்து மறுபடி பார்த்ததில் குறைந்திருந்தது. இப்போது ஓடுகிறான், பேசுகிறான், என்னை அதிகாரம் பண்ணுகிறான். ஆனாலும் ஒரு வார்த்தை தடுமாறினால் என் மனசு அந்த மாடிக்குப் போய்விடுகிறது.

தட்டைக் கணவர் காயலான் கடையிலேயே திருப்பிப் போடக் கிளம்பினார். பக்கத்து வீட்டுப் பெண்தான் தடுத்தாள்.

"அங்க போட்டா இன்னொரு வீட்டு மாடிக்குல்லா போவும்."

அவளே சூப்பர்வைசரிடம் பேசி, கம்பெனியின் ஆபத்தான கழிவுகளோடு சேர்க்க அதை வாங்கிப் போனாள்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது இன்றும் என் கண் மாடிகளைத்தான் பார்க்கிறது. ஒரு முறை ஏதோ தகடு வெயிலில் மின்னவும் பாதி வழியில் இறங்கிப் போய், அதில் என்ன காய வைத்திருக்கிறீர்கள் என்று முன்பின் தெரியாத வீட்டில் கேட்டேன். மிளகாய் வற்றல். அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும், அந்தப் பெண் துணி எடுக்க வந்த அன்று நான் தப்பாக நினைப்பேனோ என்று யோசித்துப் பேசாமல் போயிருந்தால் என் பிள்ளை இன்னும் அந்தக் கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருப்பான்.