டாக்னியின் பெயரில் ஒரு கோப்புறை

எங்கள் ஜன்னல் தொழிற்சாலை அலுவலகத்தில் டாக்னியிடம் பேனா இரவல் வாங்கினால், வாங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வாள். வரைபடங்களும் ஒப்பந்தங்களும் இருபத்தேழு வருடமாக அவள் பொறுப்பு. ஒரு தாள்கூடத் தொலைந்ததில்லை. எதிர் மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்த எனக்கு அவள்மேல் எரிச்சலும் உண்டு, பிரியமும் உண்டு.

இந்த மார்ச் மாதம் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட்டது. அதே வாரம், எல்லோரும் மென்பொருளில் தங்கள் பெயரில் ஒரு கோப்புறை உண்டாக்கி, கையிலுள்ள வேலைகளை அதில் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. டாக்னி குடும்பப் பெயர் சேர்க்காமல் ‘டாக்னி’ என்று மட்டும் அடித்தாள். ‘இந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்புறை இருக்கிறது’ என்றது திரை. பட்டியலை மேலும் கீழும் தேடினாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

“இருக்குங்குது, ஆனா என் கண்ணுக்குக் காட்ட மாட்டேங்குது” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். “என்னைப் பத்தி யாரோ எழுதிச் சேக்கறாங்க. என் சீட்டைக் கிழிக்கப் போறாங்க.”

“பேருக்குப் பின்னால ஒரு ரெண்டு போட்டுட்டு வேலையைப் பாரேன்.”

“என் பேருக்கு நான் எதுக்கு ரெண்டாவதா இருக்கணும்?”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்று முதல் விற்பனைப் பிரிவு ஆஸ்கெர் கதவைச் சாத்தினாலும் குற்றம், திறந்து வைத்தாலும் குற்றம். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அவன் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தும்போதெல்லாம் நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலைகளில் ஒருவர் முறைவைத்து ரொட்டியும் வெண்ணெயும் வாங்கி வர, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது அலுவலக வழக்கம். அந்த வாரம் ஆஸ்கெர் முறை. எல்லோரும் உட்கார்ந்து வெண்ணெய் தடவும்போது டாக்னி கேட்டேவிட்டாள்.

“ஆஸ்கெர், என் பேர்ல பூட்டி வெச்சிருக்கற ஃபோல்டர்ல என்ன எழுதியிருக்கே?”

அவன் கத்தியைக் கீழே வைத்தான். “என்ன ஃபோல்டர்?”

“முழிக்கறதைப் பாரு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.”

கணினிப் பிரிவு சிட்செல் மென்றபடியே மடிக்கணினியைத் திறந்தாள். “அனுமதி இல்லாதவங்களுக்கு ஃபோல்டர் தெரியாது. ஆனா பேரை மட்டும் பிடிச்சு வெச்சிருக்கும். என்னால திறக்க முடியும். திறக்கவா?”

“திற. எல்லார் முன்னாடியும் திற.”

சுவர்த்திரையில் அது விரிந்தது. உருவாக்கியவர்: டாக்னி ஹோல்ம். ஹோல்ம் என்பது அவளுடைய முன்னாள் கணவனின் குடும்பப் பெயர். விவாகரத்துக்குப் பின் அவள் பெயரை மாற்றியபோது பழைய பெயரில் இருந்த கணினிக் கணக்கை மூடிவிட்டார்கள். அதில் பூட்டி வைத்தது அன்றே அவள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, அவளும் மறந்துவிட்டாள்.

உள்ளே ஒரே ஒரு பட்டியல். யார் எத்தனை நிமிடம் தாமதம், யார் வெண்ணெய் இல்லாமல் ரொட்டி மட்டும் கொண்டு வந்தது. என் பெயர் பதினோரு இடத்தில் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

“மூடு, சிட்செல்” என்றாள் டாக்னி.

ஆஸ்கெர் கை காட்டித் தடுத்தான். எழுந்து போய்த் திரையருகே நின்று ஒரு வரியை உரக்க வாசித்தான்.

“2011 நவம்பர் 8. ஆஸ்கெர் விடுப்பு. தாய் சாகக் கிடக்கிறாராம். நம்பும்படி இல்லை.”

ஒருவரும் ரொட்டியைத் தொடவில்லை.

“அந்த வாரம்தான் அம்மா போனாங்க” என்றான். “ஆபீஸ்லேருந்து அடக்கத்துக்கு சர்ச்சுக்கு வந்தது நீ ஒருத்திதான், டாக்னி. என் கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னே. இத்தனை வருஷமா நான் அதை மறக்கலை. அன்னிக்கு நீ எதுக்கு வந்தே?”

டாக்னி வாயைத் திறந்தாள். அதற்குள் என் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

‘நவம்பர் 12. நேரில் போய்ப் பார்த்தாயிற்று. உண்மைதான்.’