ஆறரை மணி விசாரிப்பு

பச்சை விழுந்தால் நட்பு நன்றாக இருக்கிறது, சிவப்பு விழுந்தால் ஆள் செத்துவிட்டான். ஐம்பதை எட்டப்போகும் வயதில் இதை நான் முழுமனதாக நம்பினேன்.

எனக்கு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் செக்ரோல் வேலை. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பெயருக்கு நேரே குறிப்பது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் ஒருவர் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வரவில்லை என்றால், அவர் குடியிருக்கும் லயத்துக்கு ஆள் அனுப்பி விசாரிப்போம். இதையே இருபது வருடமாகச் செய்ததில் மனித குலம் முழுவதும் எனக்கு வந்தவர், வராதவர் என்று இரண்டு சாதியாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் மனைவி கேட்டாள். "ஒங்கள தூக்கிட்டுப் போக நாலு பேரு வேணுமே, அந்த நாலு பேருகிட்டயாவது பேசி வச்சிருக்கீங்களா?" எண்ணிப் பார்த்தேன். இரண்டரைப் பேர் தேறினார்கள். அரை யார் என்பது என் மைத்துனனுக்குத் தெரியும்.

பயத்தில்தான் அந்த புரோகிராமைச் செய்தேன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பழைய லேப்டாப்பில் கூடப் படித்தவர்களுக்கென்று ஒரு செக்ரோல். ஒரு பழைய போனில் புது சிம் போட்டு அதோடு இணைத்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை ஆறரைக்கு, ஒவ்வொருவருக்கும் அதுவே செய்தி அனுப்பும். முதல் தடவை, இனி இதுதான் என் நம்பர் என்று சொன்னது. அப்புறம் நான் எழுதிவைத்த மூன்று செய்திகளை மாற்றி மாற்றி அனுப்பியது. பதில் வந்தால் பெயர் பச்சையாகும். மூன்று முறை பதில் இல்லாவிட்டால் சிவப்பாகும். அந்த போனைச் சத்தம் வராமல் வைத்து, லேப்டாப்புக்குப் பின்னால் செருகிவிட்டேன். நான் நிறத்தை மட்டும் பார்ப்பேன். எல்லாம் தேயிலை மலை போலப் பச்சையாக இருந்தது. ஊரிலேயே அதிகம் சிநேகிதர்கள் உள்ளவன் நான்தான் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கரப்பத்தனைக்காரன் சிவந்தான்.

அவன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் என்னோடு உட்கார்ந்து படித்தவன். அவன் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. கல்யாணத்தன்று என்னைத்தான் அண்ணன் என்று கூட்டிவந்து நிறுத்தினார்கள். அந்த வாரம் அந்தப் பக்கம் விடாத மழை, மண்சரிவுப் பயம். என் சொந்த போனில் கூப்பிட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தது. போன் இருக்கிறது, எடுக்க ஆள்தான் இல்லை என்று என் மூளை கணக்குத் தீர்த்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் வேறு யாரிடமாவது கேட்டுப் பாருங்கள் என்று மனைவி சொன்னது காதில் விழுவதற்குள் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஹட்டனில் இறங்கி, பழக்கமான முஸ்லிம் நானாவின் புடவைக்கடையில் சவத்துக்குப் போர்த்தும் கோடித் துணி கேட்டேன். அவர் வெள்ளைத் துணியை அளந்தபடி, மவுத்தானது யார் என்று விசாரித்தார். சிநேகிதன், ஆனால் இன்னும் உறுதியாகவில்லை என்றேன். கத்தரிக்கோல் நின்றது.

"உறுதியான பொறகு வெட்டுவமே, தம்பி."

நான் கேட்கவில்லை. வெட்டி வாங்கிக்கொண்டு அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா பாவம் பார்த்து ஒரு இஞ்சி டொபி கொடுத்தார். அழுதுகொண்டே தின்றேன்.

செத்தவன் லயத்துக்கு முன்னால் லீக்ஸ் பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான், பையிலிருந்து எட்டிப்பார்த்த துணியைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"யாருக்குடா கோடி?"

"சும்மா... ஒன்னய பாத்துட்டுப் போகலாம்னு."

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

உள்ளே அவன் மனைவி தேத்தண்ணி வைத்தாள். எப்போதும் வாய் நிறைய "வாங்கண்ணே" என்பவள், டம்ளரை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். எதற்குப் பதில் அனுப்பாமல் விட்டாய், போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். உன் புது நம்பரை புளொக் பண்ணினேன், பழைய நம்பரை எடுக்கப் பிடிக்கவில்லை என்றான். அப்புறம் சொன்னான்.

"எங்க பாப்பா பெரியவளாயிட்டா, சடங்கு வச்சோம். நேர்ல வந்து பாக்கு வச்சுத்தான் ஒன்னய அழைக்கணும். நீதான் மூணு வாரத்துக்கு ஒருக்கா தவறாம விசாரிக்கிற ஆளாச்சே, நமக்குள்ள என்னன்னு மெசேஜ்லயே சொல்லிட்டேன். மாமன் சீர் நீதான் வைக்கணும்னு சொல்லியிருந்தேன்ல."

சொல்லியிருந்தான். என் புரோகிராம் அதை வாங்கி, அவன் பெயரைப் பச்சையாக்கியிருந்தது.

"வர்றியா இல்லியான்னு அந்தப் புது நம்பருக்கு மூணு வாட்டி அடிச்சேன். நீ எடுக்கல. சடங்கன்னைக்குக் காலையில ஆறரைக்கு ஒங்கிட்ட இருந்து மெசேஜ் வருது. 'எல்லோரும் சுகமா? சீக்கிரம் சந்திப்போம்'னு. பஸ் ஏறிட்டான்னு இவகிட்ட நான்தான் சொன்னேன்."

அது மூன்றாம் நம்பர் செய்தி. கம்ப்யூட்டர்தான் அனுப்பியது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதுவரை வந்த விசாரிப்பெல்லாம் யாருடையது என்று கேட்பான். அதனால் தேத்தண்ணியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்புக்குப் பின்னால் கிடந்த போனை எடுத்துப் பார்த்தேன். அவன் அனுப்பியவை ஐந்து. கடைசி, சடங்கன்று பதினொரு மணிக்கு: "எங்க வர்ற? பாப்பாவை ஒக்கார வச்சாச்சு."

அப்புறம்தான் அந்தத் தோட்டத்தில் வேறு ஒருவரிடம் விசாரித்தேன். பன்னிரண்டு மணி வரை காத்திருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பக்கத்து லயத்து லொறி டிரைவர் மாமனாக நின்று சீர்த்தட்டை வைத்திருக்கிறார்.