செருப்பை எடுத்தவர்

போன வருஷம் கோடையில், டெல்லியில் ஹுமாயூன் கல்லறையைப் பார்க்கப் போன இடத்தில் நடந்தது இது. ராஜபாளையத்திலிருந்து நானும் என் கணவரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் என் நாத்தனாரும் போயிருந்தோம். அந்த வெயிலில் டெல்லிக்கு யாராவது போவார்களா என்று கேட்காதீர்கள். மில்லில் அவருக்கு லீவு கிடைத்தது அப்போதுதான்.

கிளம்பும் முன்பே ஆளாளுக்குப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். கீழே எதையாவது காட்டிக் குனிய வைத்து, அசந்த நேரத்தில் இருப்பதை அடித்துவிடுவார்களாம். நாத்தனார் டீ கொடுத்தவரையே முறைத்துத்தான் பார்த்தாள். நானும் சளைத்தவள் இல்லை. ரயில் டிக்கெட்டும் கணவரின் சுகர் மாத்திரையும் இருந்த பையை நெஞ்சோடு அணைத்தபடியே நடந்தேன்.

கல்லறைக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் கணவர் செருப்பைக் கழற்றினார். மற்றவர்கள் ஷூவோடுதான் ஏறினார்கள். "செத்தவுக படுத்திருக்க எடம். செருப்போட ஏற மனசு கேக்கல" என்றார். சரியென்று நாங்களும் கழற்றினோம். அவர் தன்னுடையதைக் கீழேயே விட்டார், நாங்கள் எங்கள் செருப்பைக் கையோடு எடுத்துக்கொண்டோம். அங்கே யாரை நம்புவது?

மேலே சிவப்புக் கல் தளம் வெயிலில் கொதித்தது. நாங்கள் இருவரும் குதிகுதியென்று குதித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வளைவு நிழலுக்கு ஓடினோம். அவர் மட்டும் சுடவே இல்லை என்று சிரித்துக்கொண்டு, கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல வலமாகச் சுற்றப் போய்விட்டார். மில் தரையில் காய்த்துப்போன கால் அல்லவா என்று நாங்களும் கேலி செய்தோம்.

அப்போதுதான் நாத்தனார் என் கையைக் கிள்ளினாள். கீழே வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு பெரியவர், கணவரின் செருப்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். எடுத்தவர் ஓடவில்லை. மெதுவாகப் படியேறி வந்து, கணவரின் பின்னாலேயே நடந்தார். கணவர் நின்றால் நின்று, தரையைப் பார்த்தார்.

"மதினி, செருப்பு எடுக்க வந்தவன் எதுக்கு அண்ணன் பின்னாடியே வாரான்? அவன் குறி வேற" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கூட்டாளி எங்கே நிற்கிறான் என்று நாலு பக்கமும் தேடினேன். அதற்குள் பெரியவர் கணவரின் தோளைத் தொட்டு, இந்தியில் ஏதோ சொல்லித் தரையைக் காட்டினார். நாங்கள் கேள்விப்பட்ட அதே வித்தை.

"குனியாதீங்க, பர்ஸைப் பிடிங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பெரியவரையும் வாய்க்கு வந்தபடி பேசினேன். தமிழ் புரியாவிட்டாலும் திட்டு புரியாதா என்ன?  பெரியவர் செருப்பைப் பிரித்துக் கணவரின் முன்னால் வைத்தார். பிறகு நிழலில் உட்கார்ந்து, தன் ஒரு கால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். அந்தக் காலில் ஒரு விரல்கூட இல்லை. பாதி பாதம்தான் இருந்தது.

அதைத் தொட்டுக் காட்டி, "சுகர்" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் தரையைப் பார்த்தேன். கணவர் நடந்து வந்த வழியில் ஈரத் தடங்கள். அவர் பாதத்தைத் திருப்பினேன். தோல் வெந்து, கொப்புளம் உடைந்து தொங்கியது. "வலிக்கவே இல்லியே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான், சுகர் அவர் காலில் உணர்ச்சியையே எடுத்துவிட்டிருந்தது எனக்குப் புரிந்தது.

பெரியவர் தன் பாட்டில் தண்ணீரைக் கணவரின் காலில் ஊற்றினார். நான் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவள், பையில் எப்போதும் ஒரு ரோல் கிடக்கும். நாள் முழுக்கச் சுற்றுகிற கையால் அதை எடுத்துச் சுற்றினேன். சுற்றி முடிக்கும்வரை பெரியவர் அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடவே வந்தார். நன்றி சொல்ல எங்களுக்குப் பாஷை தெரியவில்லை. நாத்தனார் கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள்.

புண் ஆற வெகுநாள் பிடித்தது, ஆனால் கால் தப்பித்தது. இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும், அவர் செருப்பைக் கழற்றும் முன் நான் குனிந்து தரையைத் தொட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் பையை ஒரு நொடி விடாமல் காவல் காத்தேன், என் கணவரின் காலை மட்டும் நான் திருடன் என்று நினைத்தவர்தான் பார்த்துக்கொண்டு வந்தார் என்பது ஒவ்வொரு முறையும் நெஞ்சில் வந்து நிற்கிறது.