பாண்டக்கா போட்ட விலை

பாட்டிலைத் தொடுவதற்கு முன் பாண்டக்கா கையைக் கழுவுவாள். வாசல் குழாயில், சோப்பு போட்டு, முழங்கை வரை. தலைக்கு எண்ணெய் வைத்த கை லேபிளில் பட்டால் அந்தக் கறை பாட்டிலுக்கு ஆயுள் தண்டனை என்பாள். கழுவிய கையைத் துண்டில் துடைக்க மாட்டாள், துண்டில் பிசிறு இருக்கும். டூவிபுரத்துத் தெருவே பார்க்க இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு காற்றில் நிற்பாள். கடல் காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் உப்பைக் கொடுத்துவிட்டுப் போகும். பிறகு, மேசையில் விரித்த கறுப்புத் துணிமேல் பாட்டிலை நிறுத்தி, முகத்தை அதன் மட்டத்துக்கு இறக்கி, காலை வெயிலை அதன் வழியாகப் பார்ப்பாள். சரக்கு கழுத்தில் எதுவரை நிற்கிறது, மூடியைச் சுற்றிய ஈயத்தாள் எங்காவது நெளிந்திருக்கிறதா, லேபிளின் ஓரம் ஒருமுறை எழுந்து மறுபடி படுத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கடைசியாகத்தான் பாட்டிலைக் கையில் எடுப்பாள். தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோல் மெல்லச் சாய்த்து நிமிர்த்துவாள். உள்ளே எழும் குமிழ்கள் கண்ணாடியை எவ்வளவு நேரம் பற்றிக்கொண்டு நிற்கின்றன என்பதில்தான் அவள் கண் இருக்கும். சாய்க்காமல் அவள் விலை சொன்னதை அவள் வீட்டுக்காரர் தங்கதுரை பார்த்ததே இல்லை.

மேசை முதலில் வீட்டுக்குள்தான் கிடந்தது. ஆம்பிளைகள் பையில் பாட்டிலோடு வருகிறார்கள், கதவுக்குப் பின்னால் உட்காருகிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. பேச்சு காதில் விழுந்த மறுநாளே அக்கா மேசையைத் தூக்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். "உள்ள வச்சுப் பாத்தாத்தான கதை கட்டுவிய? இந்தா வெளியவே வச்சிருக்கேன். நல்லாப் பாருங்க. உக்காந்து பாக்கணும்னாலும் சொல்லுங்க, சேர் எடுத்துப் போடுதேன்." யாரும் சேர் கேட்கவில்லை. பேச்சு நின்றதா என்றால் அதுவும் இல்லை. மேசை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

ஞானபாக்கியம் என்பது அவள் பெயர். பாண்டக்கா என்பது வேலை கொடுத்த பெயர். துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் ஒரு கம்பெனியில், தீர்வை கட்டாத மது வகைகளைப் பூட்டி வைக்கும் கிட்டங்கி இருந்தது. அதற்குப் பாண்டு ஸ்டோர் என்று பெயர். ஒரு பூட்டின் சாவி சுங்கத்துறை அதிகாரியிடம் இருக்கும், இன்னொன்று அக்காவின் இடுப்பில். கல்யாணத்துக்கு முன்பிருந்து ஓய்வு பெறும் வரை அந்தச் சாவி இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஒரு மூடி கசிந்தாலும், ஒரு முத்திரை கீறினாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் பாட்டிலை வாசிக்கப் பழகினாள். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கிள் மால்ட் சேர்க்கிறவர்கள் அவளுக்குப் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். ஒரே வடிசாலையில், பார்லியில் மட்டும் இறக்கி, மரப்பீப்பாயில் பல வருஷம் கிடந்த ஸ்காட்ச் விஸ்கி அது. வடிசாலை மூடிப்போயிருந்தால் பாட்டிலுக்கு மவுசு கூடும்.

அக்கா ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. அவள் போகும் தேவாலயத்துச் சபையில் குடி என்ற சொல்லையே தணிந்த குரலில்தான் சொல்வார்கள். "குடிக்கத் தெரியணும்னு என்ன இருக்கு? நகைக்கடைக்காரரு தங்கத்தத் திங்கவா செய்யாரு?" என்பாள். முன்னறைக் கண்ணாடி அலமாரியில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று நாலைந்து பாட்டில்கள் உண்டு. ஒன்று கம்பெனி முதலாளி ஓய்வு பெறும் நாளில் கொடுத்தது. அதற்கு ஒரு பெங்களூர்க்காரர் ஒன்றரை லட்சம் வரை ஏறி வந்தார். "விலை சரிதான். விக்கதுக்கு இல்ல" என்று போனை வைத்துவிட்டாள். அனல்மின் நிலையத்தில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற தங்கதுரைக்கு அன்று மூச்சு ஒருமுறை நின்று ஓடியது.

மழைக்கு முன் ஒரு காலையில் மரியான் வந்தார். கடலோரத் தெருக்காரர், கப்பலில் சமையல்காரராக ஓடி ஓய்ந்தவர். பழைய வேட்டியில் சுற்றிய பாட்டிலை மேசையில் வைத்தார்.

"பாண்டக்கா, எங்கப்பா சிங்கப்பூர் லைன்ல ஓடும்போ கொண்டாந்தது. சாவுத வரைக்கும் மூடியத் தொடல. மாதா படத்துக்குப் பின்னால வச்சிருந்தாரு. பேரன் ஜெபின் கல்யாணத்துல உடைங்கன்னு சொல்லிட்டுக் கண்ண மூடுனாரு."

அக்கா கழுவினாள், காய வைத்தாள், குனிந்தாள், பார்த்தாள். கடைசியில் சாய்த்தாள். குமிழ்கள் எழுந்த வேகத்திலேயே செத்தன. அவள் பாட்டிலை நிமிர்த்திவிட்டு மரியானைப் பார்த்தாள்.

"அப்பா குடிப்பாரோ?"

"குடிப்பாரு. அம்மா பாவம், எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டா."

"பொறுத்துக்கிடல மரியான். உள்ள இருக்கது சீனியக் கருக்கி ஊத்துன தண்ணி. பாருங்க, அடியில மண்டி நிக்கி. ஈயத்தாள ஊசி வச்சு உரிச்சு, பழையபடி ஒட்டிருக்கு. பொம்பளக் கைவேலை. நல்ல கைவேலை."

மரியான் சிரிக்க ஆரம்பித்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க. எப்போது சிரிப்பு நின்று கண்ணைத் துடைக்கத் தொடங்கினார் என்று தங்கதுரையால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தங்கதுரை டீ எடுக்க உள்ளே போனார். வெறும் பாட்டிலுக்கு என்ன தேறும் என்று மரியான் கேட்பதும், அக்கா ஏதோ சொல்வதும் கேட்டது. டீயோடு திரும்பி வந்தபோது அக்கா முடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா விக்காதிங்க. வெறும் பாட்டில வாங்குதவன் அத வெறுமனே வச்சிருக்க மாட்டான். எதையாவது ஊத்தி எவன் தலையிலயாவது கட்டிருவான்."

"அப்ப உங்ககிட்டயே கெடக்கட்டும்க்கா. வீட்டுல இருந்தா அப்பா மொகமும் தெரியும், அம்மா மொகமும் தெரியும். ரெண்டையும் ஒண்ணாப் பாக்க முடியாது." டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் முழுக்க அக்காவுக்கும் அவள் சபைக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாதம் பிறந்தால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கவரில் போட்டு ஆலயத்தில் கொடுப்பது அவள் வழக்கம். பென்ஷனுக்கு ஒரு கவர், மேசைக்கு ஒரு கவர். இரண்டாவது கவரின்மேல் "பாட்டில் மதிப்பீடு" என்று கொட்டை எழுத்தில் எழுதுவாள். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி எமிமாள் அதைக் கமிட்டியில் கிளப்பினாள். குடிப்பணம் ஆலயத்துக்கு ஆகாது என்று தீர்மானமாயிற்று. அந்தக் கவர் மட்டும் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அடுத்த மாதமும் வந்தது. அக்கா விடாமல் கொடுத்தாள், அவர்கள் விடாமல் திருப்பினார்கள்.

"அதுலயும் பென்ஷன்னு எழுதிருளா, யாருக்குத் தெரியப்போவுது" என்றார் தங்கதுரை.

"எனக்குத் தெரியும்லா."

ஒருநாள் கமிட்டி அறைக்கே போய்விட்டாள். மேலே சுழன்ற மின்விசிறியைக் காட்டினாள். "இதும் ஆலயத்துக்குள்ள ஓடுததும் பாண்டு ஸ்டோர் போனஸ்ல நான் வாங்கிக் குடுத்தது. கப்பக்காரனுக்குக் கேஸ் கேஸா ஏத்தி விட்டு வந்த காசு. அன்னைக்கு வாங்கிக்கிட்டிய. இன்னைக்கு நான் ஒரு பாட்டில நல்லது, கெட்டதுன்னு சொன்னா அது குடிப்பணம். அப்ப ஃபேன நிறுத்துங்க. எல்லாருக்கும் வேக்கட்டும்." விசிறி சுழன்றது. யாரும் எழுந்து நிறுத்தவில்லை. கவரையும் வாங்கவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் உழைப்பின் பலனை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அன்று காலை அக்கா வெள்ளைச் சேலையில் அலமாரிப் பக்கமிருந்து வெளியே வந்தாள். கையில் வெள்ளைத் துண்டில் சுற்றிய ஒன்று இருந்தது. அதன் உயரத்தைப் பார்த்ததுமே தங்கதுரை வாசலை மறித்து நின்றார்.

"ஏளா, இது வேண்டாம். மானம் போயிரும்."

"யாரு மானம்? செருப்பப் போடுங்க, மணி அடிச்சிட்டான்."

பூசணிக்காய், வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், உப்பு மூட்டை, கால் கட்டிய கோழிகள். பாட்டுச் சத்தத்தோடு வரிசை பீடத்தை நோக்கி நகர்ந்தது. அக்கா தன் முறை வந்ததும் துண்டை உருவி, பூசணிக்கும் கருப்பட்டிக்கும் நடுவில், லேபிள் சபையைப் பார்க்கும்படி பாட்டிலை நிறுத்தினாள். முன்வரிசையில் பாட்டு அறுந்தது. பின்வரிசைக்கு விஷயம் தெரியாததால் அவர்கள் மட்டும் இன்னும் இரண்டு அடி பாடினார்கள்.

எமிமாள் எழுந்துவிட்டாள். "எத்தன துணிச்சல் இருந்தா ஆலயத்துக்குள்ள சாராயத்தக் கொண்டாருவ!"

"கோழி வளக்கவ கோழி கொண்டாந்திருக்கா. உப்பளத்துக்காரரு உப்பு கொண்டாந்திருக்காரு. நான் பாட்டிலப் பாத்துச் சம்பாதிக்கவ. வேற என்னத்தக் கொண்டாருவேன், சொல்லுங்க."

"எடுத்து ஊத்துங்கய்யா அத" என்று ஒரு குரல் வந்தது.

"பீடத்துக்கு முன்னால வச்ச காணிக்கை. ஊத்துதவரு முன்ன வாங்க, மொகத்தப் பாப்போம்" என்றாள் அக்கா. யாரும் வரவில்லை.

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஏலம் விடத் தகாத காணிக்கை வந்தால் போதகர் அதற்கு ஒரு விலை சொல்வார். கொடுத்தவரே அந்த விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். முன்பு ஒருவர் நோய் தீர்ந்து தன் நாயை நேர்ந்துகொண்டு கொண்டுவந்தார். போதகர் ஐம்பது ரூபாய் சொன்னதும், "என் நாய்க்கா ஐம்பது?" என்று சண்டைக்கு நின்றதைச் சபை இன்னும் சொல்லிச் சிரிக்கும். அக்கா அந்த வழக்கத்தைக் கேட்டாள். "ஏலம் விட வேண்டாம். சட்டமும் விடாது. ஐயா விலை சொல்லட்டும்."

போதகர் இளைஞர், சாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைச் சுற்றி வந்தார். பூசணிக்கு விலை சொல்லத் தெரிந்த அளவுகூட அவருக்கு இதில் தெரியவில்லை. கடைசியில், "இதுக்கு விலை சொல்லத் தெரிஞ்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தாம்மா. நீங்களே சொல்லுங்க" என்றார்.

"குத்தவாளியே தீர்ப்புச் சொல்லுததா!" என்றாள் எமிமாள்.

அக்கா வெளியே போய்க் குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஈரக் கையை விரித்துக்கொண்டு விசிறிக்குக் கீழே நின்றாள், அவள் வாங்கிக் கொடுத்த விசிறி. குனிந்தாள். கழுத்தைப் பார்த்தாள், ஈயத்தாளைப் பார்த்தாள், லேபிளின் ஓரத்தைப் பார்த்தாள். கட்டிப்போட்ட சேவல் மட்டும் ஒருமுறை கூவியது. பாட்டிலைச் சாய்க்கும் நேரத்துக்காகத் தங்கதுரை காத்திருந்தார். அவள் சாய்க்கவில்லை. அப்படியே நிமிர்ந்தாள்.

"பத்தாயிரம்" என்றாள்.

சபையில் ஒரு முனகல் ஓடியது. ஒரு பாட்டிலுக்குப் பத்தாயிரமா என்ற மலைப்பு அது. தங்கதுரைக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ இடிந்தது. ஒன்றரை லட்சம் கேட்ட பாட்டில். ஊரான் பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவள், தன் சாமானை மீட்க வேண்டிய இடத்தில் இப்படிச் சொல்லிவிட்டாளே.

அக்கா கைப்பையைத் திறந்தாள். திரும்பி வந்த கவர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பீடத்து மேசையில் அடுக்கினாள், எழுத்து மேலே தெரியும்படி. பாட்டில் மதிப்பீடு. பாட்டில் மதிப்பீடு. பாட்டில் மதிப்பீடு. குறைந்ததற்கு நோட்டாக வைத்தாள். பொருளாளர் போதகரைப் பார்த்தார். போதகர் தலையசைத்தார். கத்தரிக்கோலால் முதல் கவரின் ஓரத்தை வெட்டும் சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது. எமிமாள் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா பாட்டிலைத் துண்டில் சுற்றவில்லை. லேபிள் வெளியே தெரிய மார்போடு பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேலையில், நடுத்தெருவில் நடந்தாள். தங்கதுரை கொஞ்சம் பின்தங்கியே வந்தார். அடுத்த நாட்களில் டீயை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காராமல் உள்ளே போனார். "என்ன, மொகம் சுருங்கிக் கெடக்கு?" என்று ஒருதரம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

மறுவாரம் மரியான் கேட்டைத் தட்டினார். "பாண்டக்கா, எங்கப்பா பாட்டிலக் குடுங்க. ஜெபின் கேட்டான். தாத்தா பாட்டிலு, பாட்டி தண்ணி, நம்ம வீட்டுலதான் இருக்கணும்ங்கான். வெறும் பாட்டிலுக்கு நீங்க சொன்ன பத்தாயிரத்துக்கு எவன் வந்தாலும் குடுக்க மாட்டேன்."

பத்தாயிரம் என்ற சொல் காதில் விழுந்ததும் தங்கதுரை உள்ளேயிருந்து திரும்பிப் பார்த்தார். அலமாரியில் முதலாளி கொடுத்த பாட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. அடியைச் சுற்றிப் பல மாதத்துத் தூசி வளையம் கலையாமல் கிடந்தது.

வாசலில் அக்கா பண்டிகைக்குக் கொண்டுபோன வெள்ளைத் துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "பத்திரமா வச்சுக்கிடுங்க மரியான். உங்கம்மா கைவேலை பீடம் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு" என்றாள். தங்கதுரை வாசலுக்கு வந்து நின்றதைக் கவனித்தாளோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கி, அன்று ஆலயத்தில் செய்யாததைச் செய்தாள். மெல்லச் சாய்த்து நிமிர்த்தினாள்.