மலையேறிய கிழவேஷம்

எங்க வீட்டு மனுசன் இருபது வயசுலயே கெழவனாயிட்டாரு. சீக்கு கீக்கு ஒண்ணுமில்ல, கூத்துல அவருக்குக் கெடைச்ச வேஷம் அப்படி. போடியில அப்ப இருந்த கூத்துச் செட்டுல ராசா வேஷம் கட்ட ஒசரம் வேணும், ராணி வேஷம் கட்ட மொகவெட்டு வேணும். எங்க மச்சானுக்கு ரெண்டும் கெடையாது. ஆளு கட்டை, மூக்கு சப்பை. "தவசி, நீ கெழவனாப் போயி ஓரமா நில்லுடா"ன்னு வாத்தியாரு தள்ளிவிட்டாரு. கொஞ்ச வருசத்துல சனங்க, கெழவன் எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு.

அவரு எனக்கு அத்தை மகன். தாது வருசப் பஞ்சத்துல பொறந்தவரு. நான் சிலமலைக்காரி, பேரு அன்னக்கொடி. கல்யாணமான புதுசுல, அவரு வேஷம் கட்டுறதைப் பாக்கணும்னு ஒரு திருவிழாவுக்குப் போனேன். வெள்ளைத் தாடியோட ஒரு கெழவன் கம்பை ஊணிக்கிட்டு வந்தான். "பாவம், இந்த வயசுல பனியில நின்னு ஆடணும்னு தலையெழுத்தா?"ன்னு பக்கத்துல ஒருத்தி உச்சுக்கொட்டினா. நானும் சேந்து உச்சுக்கொட்டினேன். அது எம் புருஷன்னு எனக்கே வெளங்கல. வீட்டுக்கு வந்து சொன்னா, மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு!

மத்த கூத்தாடிக கெழவன்னா முதுகை வளைப்பாக, கையை வெடவெடன்னு ஆட்டுவாக, லொக்கு லொக்குன்னு இருமுவாக. இவரு அதெல்லாம் செய்யமாட்டாரு. "கெழவன் எங்கடி நடுங்குறான்? நடுங்குறது வெளிய தெரிஞ்சிரக் கூடாதேன்னு கையை இறுக்கிப் பிடிச்சுக்கிருவான். கூன் விழுந்தவன் நிமிந்து நடக்கத்தான் பாடுபடுறான். நான் அந்தப் பாட்டைத்தான் படுறேன்"னு சொல்லுவாரு. அதுக்காக மூஞ்சியைச் சும்மா விடுற ஆளும் இல்ல. கன்னத்துத் தோலை ஒரு கையால இழுத்துப் பிடிச்சு, கருவேலம் பிசினைக் கரைச்சுத் தடவிக் காயவிடுவாரு. கையை எடுத்தா தோலு அப்படியே சுருங்கி, வரிவரியா நிக்கும். புருவத்துல நாமக்கட்டியை எண்ணெயில கொழைச்சுப் பூசுவாரு. முன்பல்லு ரெண்டுல கரியும் மெழுகும் அப்பினா, பல்லு போன ஓட்டை மாதிரியே இருக்கும்.

கூத்தாடி கெழக்கே பாப்பான், கூலிக்காரன் மேக்கே பாப்பான்னு சொல்லுவாகல்ல? அவன் எப்ப விடியும்னு பாப்பான், இவன் எப்ப அடையும்னு பாப்பான். எங்க மச்சானுக்கு ரெண்டு பார்வையும் உண்டு. மாசியில இருந்து ஆடி வரைக்கும் ஊர் ஊரா கூத்து. ஆவணி பொறந்தா ஏலக்காய் பறிக்க மலைக்குப் போயிருவாரு, தை பொறந்துதான் எறங்குவாரு. நடுவுல வீட்டுக்கு வர்றது விருந்தாளி மாதிரிதான். கல்யாணமாகி ஏழு வருசம் போச்சு, வகுத்துல ஒரு புழு பூச்சி இல்ல. சிலமலையில ஒருத்தி பாக்கியில்லாம என்னைக் கேட்டாளுக. ஏண்டி, புருஷன் வீட்டுல இருந்தாத்தானடி பிள்ளை? இதை எவகிட்டப் போய்ச் சொல்ல?

அந்த வருசம் ஆவணியில ஒரு முடிவுக்கு வந்தேன். அவரு மலைக்குப் போன பத்துப் பதினஞ்சு நாள்ல, நானும் துணிமூட்டையைக் கட்டிக்கிட்டு, அரிசி ஏத்திப் போற பொதிமாடுகளுக்குப் பின்னாடியே போடிமெட்டு ஏறிட்டேன். கூலியாளா பேரைக் குடுத்துட்டு, ஒரே வீட்டுல பொங்கித் திங்கலாம்னு எண்ணம். தோட்டத்துக்குப் போய், ஏலக்காய் உலத்துற கொட்டகையில விசாரிக்கலாம்னு எட்டிப் பாக்குறேன். அடுப்புக்குப் பக்கத்துல கம்பளியைப் போத்திக்கிட்டு ஒரு மொட்டைத்தலைக் கெழவன் ஒக்காந்திருக்கான். புருவம் வெள்ளை. கன்னத்துல வரி. என்னைப் பாத்ததும் கெழவனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

"யாரு அண்ணே இது?"ன்னு கேட்டா அங்க ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கிட்டு இருந்த ஒச்சம்மா. வாய் கொஞ்சம் காரம், மனசு வெல்லம். அந்தக் கெழவன், எங்க மச்சானேதான், கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டு, "எம் மக, தங்கச்சி"ன்னாரு.

மகளா! எனக்கு வந்த கோவத்துக்கு அந்த அடுப்புக் கொள்ளியை எடுத்து மொட்டைத்தலையிலயே வச்சிருப்பேன். கூலியாளுக குடியிருக்குற லயத்துல அவருக்குக் குடுத்திருந்த அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினதும் பிடிச்சேன் ஒரு பிடி.

"என்ன கூத்து இது?"

"மெதுவாப் பேசு ஆத்தா. வயசானவகளைத்தான் கொட்டகையில வச்சிருக்காக. எளவட்டம்னா காட்டுக்குள்ள போகணும். அங்க அட்டை..."

"அட்டையா?"

"போன வருசம் வேற தோட்டத்துல, கணுக்காலுல இருந்து தொடை வரைக்கும் ஏறிருச்சுடி. பிச்சு எடுத்தா நீளுது. கனவுலகூட வருது. எனக்குப் பாம்புன்னாக்கூடப் பயமில்ல."

அட்டைக்குப் பயந்து நாப்பது வயசு கூட்டிக்கிட்ட ஆம்பளையை நீங்க எங்கயாச்சும் கண்டிருக்கீகளா? எனக்குக் கோவம் போயி சிரிப்பு வந்துருச்சு. மழையில நரை கரைஞ்சிருமேன்னு தலையை மழிச்சிருக்காரு. விடியுமுன்ன எந்திரிச்சு பிசினு, மெழுகு, நாமக்கட்டி. சரி, பகல்ல அப்பனா இருந்துட்டுப் போகட்டும், கதவைச் சாத்தினா எம் புருஷன்தானேன்னு விட்டுட்டேன்.

பொய்க்கு ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லணும். மருமகன் எங்கன்னு கங்காணி பெரியகருப்பன் கேட்டப்ப, "அவன் பேரு தவசி. கூத்தாடிப் பய. பொண்டாட்டியை என் தலையில கட்டிட்டு ஊர் சுத்துறான்"னு சொல்லி வச்சாரு. ஒச்சம்மாவுக்கு அன்னையில இருந்து அந்த மருமகனை வையிறதுதான் சோலி. "கட்டையில போவான், பொண்டாட்டியை இப்படி விட்டுட்டுத் திரியிறானே! அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!" எங்க மச்சான் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, "நல்லா நாலு வார்த்தை சொல்லு தங்கச்சி"ன்னு தூபம் போடுவாரு. எனக்கு முந்தானையை வாயில வச்சு அமுக்கவே சரியா இருக்கும்.

கார்த்திகை பாதியில எனக்குச் சோத்து வாடையே ஆகல. கணக்குப் பாத்தேன். நெசந்தான். சாயங்காலம் அவருகிட்டச் சொன்னேன். வெள்ளைப் புருவத்தோட அந்தச் சின்ன அறைக்குள்ள அப்படி ஒரு ஆட்டம் ஆடினாரு. தாயே, ஏழு வருசம்! எனக்கும் அழுகை, அவருக்கும் அழுகை. கன்னத்துப் பிசினெல்லாம் கரைஞ்சு ஒழுகுது.

ஆட்டம் ஓஞ்ச பெறகுதான் எனக்கு உறைச்சது. "இந்தா மச்சான், நாளைக்கே கங்காணிகிட்டச் சொல்லிருங்க. ஊருக்கு நான் ஒங்க மக. எம் புருஷன் இங்க இல்ல. இந்தப் பிள்ளைக்கு யாரை அப்பன்னு சொல்ல?"

"தை வரைக்கும் மூடி மறைச்சிரலாம் ஆத்தா"ன்னாரு.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஆளு! மறுவாரமே காம்பு கிள்ளுற எடத்துல நாலு பேரு பாக்க வாந்தியெடுத்தேன். அன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள லயம் பூராவும் குசுகுசுப் பேச்சு. என்னைக் கண்டா பேச்சை நிறுத்துனாளுக. ஒச்சம்மாகூட ஏன் எவன்னு கேக்கல, தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

மக்யா நாள் காலையில ஆள் எண்ணுற களத்துல எல்லாரும் நிக்கும்போது கங்காணி என்னை முன்னாடி வரச் சொன்னாரு. "இது குடும்பம் நடத்துற சனம் இருக்குற எடம். புருஷன் ஊர்ல இல்ல, நீ முழுகாம இருக்கே. யாருன்னு பேரைச் சொல்லு. இல்லைன்னா, இன்னதுன்னு சொல்லி ஆள் போட்டு சிலமலையில ஒப்படைச்சிருவேன்."

அப்படி மட்டும் எறக்கிவிட்டா என் கதி என்ன? தவங்கெடந்து வந்த பிள்ளை, அப்பன் பேரில்லாத பிள்ளையாப் பொறக்கும். ஊரே அதைக் கைகாட்டிப் பேசும். புருஷன் பேரை நாக்கால சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்காத்தா சொல்லி வளத்தவ நான். யாராச்சும் புருஷன் பேரு கேட்டா, கையைக் காட்டித்தான் பழக்கம். அந்த நடுக்கத்துல புத்தி எங்க வேலை செஞ்சுச்சு? கையை நீட்டிக் காட்டிட்டேன்.

கை நீண்ட திக்குல, கம்பளி போத்தி நின்னது எங்கப்பன்!

களத்துல இருந்த அம்புட்டுப் பேரும் வாயில கையை வச்சாக. ஒச்சம்மா "அடி பாவி"ன்னு மண்ணுல ஒக்காந்துட்டா. கங்காணி கம்பை ஓங்கிட்டாரு.

"நிறுத்துங்க!"

கூத்து மேடையில கடைசி வரிசைக்குக் கேக்குற கொரல் அது. எங்க மச்சான் கம்பளியைத் தூக்கி எறிஞ்சாரு. மழைத்தண்ணித் தொட்டியில தலையை முக்கி, மூஞ்சியை வறட்டு வறட்டுன்னு தேச்சாரு. பல்லுல இருந்த மெழுகை நகத்தால பேத்துத் துப்பினாரு. நிமிந்து நின்னாரு. "நான் கெழவன் இல்ல. எனக்கு முப்பது வயசு. இவ எம் பொண்டாட்டி"ன்னாரு.

தீந்துச்சு சனியன்னு நான் மூச்சு விட்டேன். கங்காணி கம்பைக் கீழ போட்டுட்டு, பயபக்தியா ரெண்டு கையையும் கூப்பினாரு.

"பெரியவரே, அது என்ன பச்சிலை?"

"என்ன பச்சிலை?"

"எளமை திரும்புற பச்சிலை. சித்தருக மலையில நட்டு வச்சிருக்காகன்னு எங்கப்பன் சொல்லுவாரு. நீங்க கண்டுட்டீக!"

கூட்டத்துல கன்னையன்னு ஒரு பொதிமாட்டுக்காரன், "ஆமாமா, அந்தியில இவரு என்னமோ தழையைப் பறிச்சு மடியில வச்சதை நான் பாத்தேன்"ன்னு எடுத்துவிட்டான். அது கீரைடா, கூறுகெட்டவனே! கங்காணிக்கு ஒரு நிமிசந்தான் பக்தி. பெறகு மொகம் கறுத்துருச்சு. "கெழவன் கொமரனானாலும் மக மகதான். இது அதைவிடப் பாவமுல்ல?"ன்னு திரும்பவும் கம்பை எடுத்தாரு. அட கடவுளே, நெசத்தைச் சொன்னா நம்பாத சனத்தை என்ன செய்ய?

எங்க மச்சான் அழுகல, கோவிக்கல. "கங்காணி, கண்ணைச் சிமிட்டாம என்னையே பாருங்க. பச்சிலையும் இல்ல, பூச்சும் இல்ல"ன்னாரு.

நடந்ததை எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. மொதல்ல தோளு எறங்குச்சு. கழுத்து முன்னாடி வந்துச்சு. ஒதடு பல்லுக்குள்ள மடிஞ்சுச்சு. கீழ கெடந்த கூடையை எடுக்கப் போனாரு. குனியிறதுக்கு முன்ன ஒரு தரம் சுத்திப் பாத்தாரு, யாரும் பாக்குறாகளான்னு. ஒரு கையைக் கொண்டுபோய் இன்னொரு கைக்குள்ள ஒளிச்சாரு. பாதி குனிஞ்சவரு அங்கேயே நின்னு, என்னமோ மண்ணுல தேடுற மாதிரி பாவலா பண்ணி மூச்சு வாங்கினாரு. கறுத்த புருவம், கழுவின மூஞ்சி, காலைவெயிலு பளிச்சுன்னு அடிக்குது. ஆனா அங்க நின்னது எழுபது வயசுக் கெழவன். "அண்ணே, விழுந்திராதீக!"ன்னு ஒச்சம்மா ஓடிப்போய் முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுட்டா.

நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். இப்படித்தான் இவரு ஒருநாள் ஆகப்போறாரு, அப்ப பக்கத்துல நாந்தான் இருக்கணும்னு தோணுச்சு. இந்த ஆளு மேல எனக்கு அம்புட்டு ஆசைன்னு, நடுக்களத்துல மானம் போய்க்கிட்டு இருந்த நேரத்துல தெரிஞ்சுக்கிட்டேன். வெக்கமா இருந்துச்சு. இருந்தா என்ன?

"விடு தங்கச்சி, விழமாட்டேன்"னு சொந்தக் கொரல்ல சொல்லிட்டு அவரு நிமிந்தாரு. ஒச்சம்மா கையை உதறிக்கிட்டு அவரையே பாத்தா. "அப்ப, நான் தெனமும் வஞ்சேனே, அந்தக் கூத்தாடி..." அவரு தலையை ஆட்டினாரு. தோளுல ரெண்டு அடி போட்டா பாருங்க, சத்தம் எதிர் மலையில கேட்டுச்சு! களமே சிரிச்சுப்போச்சு. கங்காணிக்கும் மீசை துடிக்குது, சிரிப்பை அடக்க முடியல.

ஆனாலும் பதவியின்னு ஒண்ணு இருக்குல்ல? கனைச்சுக்கிட்டாரு. "நாளையில இருந்து ஒனக்குக் கொட்டகை கெடையாது. காட்டுச் சோலிதான்."

"போறேன் கங்காணி"ன்னாரு எங்க மச்சான், யோசிக்கக்கூட இல்ல, கீழ கெடந்த கூடையைக் கையில எடுத்துக்கிட்டாரு.

"அது போகட்டும். வித்தை காட்டுறவன் நீ, என்ன வேணும்னாலும் காட்டுவே. ஒன் வாயி எனக்கு வேணாம்." கங்காணி எம் பக்கம் திரும்பினாரு. "நீ சொல்லும்மா. கை காட்டுற சோலியெல்லாம் ஆகாது, இப்பத்தானே பாத்தோம். இம்புட்டுப் பேரு சாட்சியா வாயைத் தொறந்து சொல்லு. வகுத்துல இருக்குற பிள்ளைக்கு அப்பன் பேரு என்ன?"

அவரைப் பாத்தேன். சொல்லுன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஆயுசு கொறைஞ்சா எனக்கு இருக்குறதுல பாதியைக் குடுத்துக்கிறேன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்.

"தவசி"ன்னேன். பத்தாதுன்னு இன்னொரு தரம், மலைக்கே கேக்குற மாதிரி, "தவசி! எம் புருஷன் தவசி!"

எதுவும் இடிஞ்சு விழல. கங்காணி தலையாட்டிட்டு, மத்தவகளைச் சோலிக்குப் போகச் சொன்னாரு. எங்க மச்சான்தான், கூடையைக் கீழ வச்சுட்டு, அம்புட்டுச் சனமும் பாக்கப் பாக்க அந்த மண்ணுலயே ஒக்காந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாரு.