வியன்னாவில் ஆம்பூர்த் தையல்

வியன்னாவில், மகள் எங்களை அனுப்பிவைத்த ஒயின் விடுதியில் நானும் மனைவி நசீமாவும் உட்கார்ந்திருக்கிறோம். மற்றவர்கள் முன்னால் புது ஒயின்; எங்கள் முன்னால் திராட்சைச் சாறு, கறுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட். தோலில் தைத்த அரைக்கால்சட்டை போட்ட பெரியவர் ஒருவர் அக்கார்டியன் வாசித்தபடி எங்கள் மேசைக்கு வருகிறார். எல்லாரும் அவர் விரல்களைப் பார்க்க, நசீமா காலைப் பார்க்கிறாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். யாரைக் கண்டாலும் முகத்துக்கு முன்னால் ஷூவைத்தான் பார்ப்பாள்.

“ஏங்க, குதிகால்ல அந்த வளைவுத் தையல் எங்க லைன்ல போட்டது. கேளுங்க.”

இவள் வேலை பார்த்த கம்பெனியில் தைத்ததா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்கிறேன். பெரியவர் ஒரு ஷூவைக் கழற்றி உள்ளே அச்சடித்திருப்பதைப் பார்க்கிறார். “அட, இந்தியா! ஆறு வருஷமா இதைப் போட்டுத்தான் வாசிச்சு ஆடுறேன்.”

நசீமா அதை வாங்கி, செக்கிங் டேபிளில் செய்வதுபோல முனையை மடக்கி, தையலைக் கட்டைவிரலால் நீவுகிறாள். ஒரு நூல்கூடக் கிளம்பவில்லை.

பெரியவர் ஷூவை மாட்டிக்கொண்டு மறுபடி வாசிக்கிறார். தைத்தவள் எதிரில் இருக்கும் கூச்சத்தில் தரையில் மெதுவாகத் தாளம் தட்டுகிறார்.

“நல்லா ஓங்கி மிதிக்கச் சொல்லுங்க,” என்கிறாள் நசீமா. “பிரியாது.”